ஒன்பதாம் வகுப்பிலேயே எட்டிப் பார்க்கும் மனநோய்!

மனநோய் என்றதும் உங்களுக்கு யார் ஞாபகம் வருகிறார்? பஸ் ஸ்டாண்டில் தனக்குத்தானே பேசிக்கொண்டு நிற்கும் தாடிக்கார ஆசாமிதானே? ஆனால் டாக்டர்கள் போட்ட கணக்கு வேறு.

உலகம் முழுக்க நடந்த 192 ஆய்வுகளைத் திரட்டி, 7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரத்தை நிபுணர்கள் அலசினார்கள். 2021-ல் முடிவு வெளியானது. மனநோய் முதன்முதலில் அதிகமாகத் தலைகாட்டும் வயது பதினாலரை! பாதிக்கப்பட்டவர்களில் 100-க்கு 34 பேருக்கு மேல் 14 வயதுக்குள் ஆரம்பம். 18-க்குள் 48 பேர். 25-க்குள் 62 பேர்.

அதாவது ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பிள்ளை.

எல்லா வியாதியும் ஒரே வயதில் வராது. நாலு பேர் முன்னால் நிற்கவே நடுங்கும் பயம் பள்ளிக்கூட வயதில் வரும். காதில் இல்லாத குரல் கேட்கிற மனச்சிதைவு பெரும்பாலும் காலேஜ் வயதில், முதல் வேலைக்குப் போகிற வயதில் வரும். பெண்களுக்குச் சில வருஷம் தள்ளி. மனச்சோர்வுக்கு வயசே கிடையாது. முப்பதிலும் வரும், அறுபதிலும் வரும்.

சிக்கல் என்னவென்றால், பதினாலு வயசில் எல்லாப் பிள்ளையும்தான் கதவைச் சாத்திக்கொள்கிறது, எரிந்து விழுகிறது. எது வயசு, எது வியாதி? கோபித்துக்கொண்ட பையன் மறுநாள் கிரிக்கெட் ஆடப் போய்விடுவான். வாரக்கணக்கில் மட்டையைத் தொடாமல், தூக்கம், சாப்பாடு, சிநேகிதம் எல்லாம் கெட்டு, ஆளே மாறிப்போனவனைத்தான் கவனிக்கணும்.

வீட்டில் நடப்பதோ வேறு. முதலில் திட்டு. அப்புறம் தாயத்து. இப்படியே பத்து வருஷம் ஓடினால், "ஒரு கால்கட்டுப் போட்டா சரியாயிடும்" என்று ஜாதகத்தைத் தூக்குகிறார்கள்! பெண் வீட்டாரிடம் மூச்சு விடுவதில்லை. வந்தவள் என்ன, டாக்டரா? கடுமையான மனநோயை மறைத்துச் செய்த கல்யாணத்தை ரத்து செய்யக் கேட்டுக் கோர்ட்டுக்குப் போக, 1955-ம் வருஷ இந்து திருமணச் சட்டத்தில் வழி இருக்கிறது. அதற்குள் இரண்டு வாழ்க்கை நாசம். மனச்சிதைவுக்கு மருந்து தள்ளிப்போகப் போக, தேறுவதும் கஷ்டமாகிறது.

பெங்களூரு நிமான்ஸ், 2015-16-ல் தமிழ்நாடு உள்பட 12 மாநிலங்களில் சர்வே நடத்தியது. மனநோய் உள்ள பெரியவர்களில் 100-க்கு 70 பேருக்கும் மேல் சிகிச்சையே இல்லாமல் இருந்தார்கள்!

காரணம் பணம் மட்டுமல்ல, பெயர். 1794-ல் தொடங்கிய ஆஸ்பத்திரி இருப்பதால் "கீழ்ப்பாக்கம்" என்ற ஊர்ப் பெயரையே நம்மூரில் வசவாக்கி வைத்திருக்கிறோம். அப்புறம் எந்த அப்பா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அங்கே பஸ் ஏறுவார்? மனநல சிகிச்சைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் மாத்திரையை வாங்கிக்கொண்டு அன்றைக்கே வீடு திரும்புகிறவர்கள்தான்.

பஸ் ஏறவே கூச்சமா? 2022 அக்டோபரில் தொடங்கிய மத்திய அரசின் டெலி மானஸ் இருக்கிறது. 14416. காசு கிடையாது. ராத்திரி இரண்டு மணிக்கும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.