தோப்பு காடாகாது

ஏட்டில் நம் நாட்டுக் காடு வளர்ந்துகொண்டே இருக்கிறது. இந்திய வன ஆய்வு நிறுவனம் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி, காடும் பிற மரப்பரப்பும் சேர்ந்து நாட்டின் நிலப்பரப்பில் 25.17 விழுக்காடு. மூன்றில் ஒரு பங்கு என்று 1988ஆம் ஆண்டு வனக் கொள்கை வகுத்த இலக்கை நெருங்குகிறோம் என்று களிப்போர் உளர். அக்களிப்பில் பங்குகொள்ள நம்மால் இயலவில்லை.

எதைக் காடு என்று எண்ணுகின்றனர்? ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் பத்து விழுக்காடு அளவேனும் மரக்கவிகை இருந்தால் போதும். நிலம் எவருடையது, மரம் எவ்வகையது என்ற வினாவே இல்லை. மாந்தோப்பும் தைலமரத் தோட்டமும் மழைக்காட்டோடு ஒரே பந்தியில் அமர்கின்றன.

நட்டு வளர்த்தது தோப்பு, தானே தழைத்தது காடு என்பதை நம் சிற்றூர்ச் சிறுவனும் அறிவான். தொல்காப்பியர் கருப்பொருள்களை வகுத்தபோது தெய்வம், உணவு, விலங்கு, பறவை, தொழில் ஆகியவற்றோடு மரத்தையும் ஒன்றாக வைத்தார். மரமே நிலம் என்றாரில்லை.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. பெரிய நிக்கோபார் தீவில் துறைமுகமும் விமான நிலையமும் நகரமும் அமைக்க, ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர் மழைக்காட்டை விட்டுக்கொடுக்க 2022இல் கொள்கையளவில் ஒப்புதல் தரப்பட்டது. அதற்கு ஈடாக மரம் நட அப்போது காட்டப்பட்ட இடம் எது தெரியுமா? அரியானா! கலத்தியா விரிகுடாவில் முட்டையிட வரும் கடலாமை அரியானாவுக்கா செல்லும்? ஷோம்பென் மக்கள் அங்கேயா குடியேறுவர்? ஆயினும் மரத்துக்கு மரம் என்ற கணக்கில் இழப்பு ஏதுமில்லை!

சட்டமும் இவ்வழியே நெகிழ்கிறது. ஆவணத்தில் எப்பெயர் இருப்பினும், அகராதிப் பொருளில் காடாக இருப்பது காடே என்று உச்ச நீதிமன்றம் 1996இல் உரைத்தது. 2023ஆம் ஆண்டுத் திருத்தம் அப்பொருளைச் சுருக்கியது. பழைய பொருளையே பின்பற்றுமாறு நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் இடைக்கால ஆணை இட வேண்டியதாயிற்று.

தோப்புகள் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. விறகும் கூழ்மரமும் அவை தரட்டும். இயற்கைக் காட்டின் மீதான சுமை அதனால் குறையுமெனில் நன்றே. ஆனால் தோப்பைத் தோப்பென்றே எழுதுக. இயற்கைக் காட்டுக்குத் தனிக்கணக்கு வைத்திடுக. அதனை அழித்துவிட்டு நாற்று நடுவதை ஈடு என்று கூறாதிருக்க. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் கிராம சபைக்கு அளித்த உரிமையைச் சடங்காக்காதிருக்க.

பிழையான சொல்லின்மேல் எழுப்பிய கணக்கு எவ்வளவு நுட்பமாயினும் பொய்க்கணக்கே. அப்பொய்யை அழகிய தமிழில் பெயர்த்தெழுதி மாணவர்க்குப் பாடமாக்கும் பணியை நாமேனும் மறுப்போம்.