போர்க்களத்து வாள் ஊருக்குள் எதற்கு?

தோழா!

எல்லையிலே நின்று, பனியிலும் மழையிலும் விழித்திருக்கும் வீரனைப் போற்றுகிறோம். அவனுக்குக் கற்பிக்கப்பட்ட பாடம்: பகைவனை வீழ்த்து! போலீசாருக்குரிய பாடமோ வேறு: குற்றவாளியே ஆனாலும் உயிரோடு பிடி, நீதிமன்றத்திலே நிறுத்து! இரண்டையும் ஒன்றாக்கினால், குடிமகன் பகைவனாவான், தெரு போர்க்களமாகும்.

1942-ல், 'வெள்ளையனே வெளியேறு' முழக்கம் கேட்டு மிரண்ட லின்லித்கோ பிரபு, இராணுவத்துக்குத் தனி அதிகாரம் தரும் அவசரச் சட்டம் பிறப்பித்தார். அந்நிய ஆட்சிக்கு அடக்குமுறையன்றி வேறென்ன தெரியும்? ஆனால் 1958-ல், விடுதலை பெற்ற நாட்டின் நாடாளுமன்றத்திலே, நாகர் மலையைக் காட்டி, அதே சட்டத்துக்குப் புதுச் சட்டை தைத்தார் உள்துறை அமைச்சர் பந்த். மணிப்பூர் உறுப்பினர் லைஷ்ராம் அச்சாவ் சிங் எதிர்த்தார், எடுபடவில்லை.

வேடிக்கையைக் கேள்! உயிர்போகச் சுட ஆணையிடும் அதிகாரத்தை வெள்ளையன் கேப்டனுக்குக் கீழே தரவில்லை. நம்மவர்கள் ஹவில்தாருக்கும் தந்தார்கள்! தடையாணை இருக்கையில் ஐவர் கூடினால், எச்சரித்துவிட்டுச் சுடலாம். சுட்டவர் மீது வழக்கா? மத்திய அரசின் அனுமதி வேண்டும்!

விளைவு? 2000 நவம்பர் 2: மணிப்பூரின் மாலோமில், பேருந்து நிறுத்தத்திலே பத்துப் பேர் அசாம் ரைஃபிள்ஸ் படையினரின் குண்டுக்கு இரையாயினர். சட்டத்தை நீக்கக் கோரி, இரோம் சர்மிளா என்ற இளம்பெண் 2016 வரை உண்ணாநோன்பிருந்தார். 2005-ல் ஜீவன் ரெட்டி குழுவும் 'நீக்குக' என்றது. நீக்கினார்களா? இல்லை!

2021 டிசம்பர் 4: நாகாலாந்தின் ஓட்டிங்கில், வேலை முடிந்து வீடு திரும்பிய சுரங்கத் தொழிலாளர் அறுவரைத் தீவிரவாதிகள் என்றெண்ணிச் சுட்டது இராணுவம். மறுநாளுக்குள் மாண்ட பொதுமக்கள் 14 பேர். மாநிலப் போலீசார் 30 இராணுவத்தினர் மீது குற்றம் சாட்டினர். 2023-ல் டெல்லி அனுமதி மறுத்தது. நீதிமன்ற வாசலுக்கே பூட்டு!

"கலவரம் பற்றி எரியும்போது இராணுவம் கூடாதா?" என்பர். மாஜிஸ்திரேட் அழைக்க, வந்து, கூட்டத்தைக் கலைத்து, பாசறை திரும்பட்டும். பொதுச் சட்டமே அதற்கு இடந்தருகிறது. தலைமுறை தலைமுறையாக வயல்வெளியிலே கூடாரமடித்து நிற்பதுதான் கொடுமை!

தோழா, நாம் வீரன் மீது வழக்காடவில்லை. அவனை மக்கள்மேல் ஏவி, பின்னர் கேள்வி கேட்கவும் விடாத சட்டத்தின் மீது வழக்காடுகிறோம். ஊர்தோறும் மேடையேறிச் சொல்: எல்லைக்கு இராணுவம், ஊருக்குப் போலீஸ், இருவருக்கும் மேலே நீதிமன்றம்!