பச்சை மண்டலத்தில் கேட்க வேண்டிய கேள்வி

அரசாங்க மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருவோரைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என மூன்று மண்டலங்களாகப் பிரிப்பர். சிவப்பு மண்டலம் உயிருக்குப் போராடுவோருக்கு. பச்சை மண்டலம் உடனடி ஆபத்து இல்லாதோருக்கு. பச்சை மண்டலத்தில் காத்திருப்போரைப் பார்த்து, “இதற்கெல்லாமா இங்கே வருவது?” எனச் சலித்துக்கொள்வோர் உண்டு. அந்தச் சலிப்பு நியாயமானதன்று என்பதே என் கருத்து.

அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் சிகிச்சை பெறக் குடிமக்கள் செலுத்துவது 1 ரிங்கிட்தான். ஆனால், பெரும்பாலான கிளினிக்குகள் மாலை 5 மணிக்கு மூடப்படுகின்றன. நாள் சம்பளத்திற்கு உழைப்பவர் பகலில் அங்குச் சென்றால் அன்றைய கூலி போய்விடும். பேருந்து வராத இடத்தில் வாழ்பவருக்கு வாடகைக் கார்ச் செலவு வேறு. வலியைப் பொறுத்துக்கொண்டு இரவில் அவசரப் பிரிவுக்கு வருவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி என்ன?

2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு நோய் உள்ளது. அவர்களுள் ஒருவர் இரத்தத்தில் சர்க்கரை குறைந்து மயங்கி விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றியதும் எழுந்து உட்கார்ந்துவிடுவார். சர்க்கரை ஏன் குறைந்தது? மருந்தைத் தவறாமல் எடுத்துக்கொண்டார். மாதக் கடைசியில் வீட்டில் அரிசி இல்லை. இதை யாரும் கேட்காவிட்டால், அதே மருந்தோடு அதே வீட்டிற்குத்தான் திரும்புவார். இன்சுலினின் கதையும் இதுதான். திறக்காத இன்சுலினைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். மின்சாரம் துண்டிக்கப்பட்ட வீட்டில் அதை எங்கே வைப்பது?

“உயிரைக் காப்பாற்றுவதே மருத்துவரின் வேலை, குடும்பக் கதை கேட்க நேரமேது?” என்று சிலர் கேட்கலாம். சிவப்பு மண்டலத்தில் இது முற்றிலும் சரி. பச்சை மண்டலத்திலோ நோயாளி எப்படியும் காத்திருக்கத்தான் போகிறார். வீட்டில் உணவு போதுமா, உடன் யார் இருக்கிறார்கள், அடுத்த சிகிச்சைக்கு எப்படி வருவீர்கள் என்று ஒரு தாதி கேட்கச் சில நிமிடங்கள் போதும். ஒன்று மட்டும் முக்கியம். ஏழ்மையாகத் தோன்றுபவரிடம் மட்டும் கேட்டால் அவர் கூனிக்குறுகி, “எல்லாம் சரிதான்” என்று கூறிவிடுவார். ஆகவே, எல்லாரிடமும் கேட்க வேண்டும்.

கிடைக்கும் பதில் மருத்துவமனையின் மருத்துவச் சமூகப் பணிப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். கையில் ஒரு துண்டறிக்கையைக் கொடுத்து அனுப்பினால் போதாது. மறுநாள் காலையில் அப்பிரிவே அவரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும்.