மஞ்சள் தூளும் நானோ துகளும்

வாசகச் சகோதரி ஒருவர் எழுதியுள்ள கடிதம் இம்மாதப் பகுதிக்குப் பொருளாகிறது. அவருடைய வாப்பாவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய். அறுவை முடிந்து கீமோதெரபியில் இரண்டு தவணை ஆகியிருக்கிறது. இந்நிலையில் உறவினர் ஒருவர் ‘நானோ மஞ்சள்’ எனும் கேப்ஸூல்களைக் கொண்டுவந்து கொடுத்து, “இயற்கை மருந்து இருக்க, அந்த ஊசி எதற்கு?” என்கிறாராம். வாப்பாவும் ஊசியை நிறுத்திவிடலாம் என்ற எண்ணத்தில் இருக்கிறாராம். நிறுத்தலாமா என்று கேட்கிறார் சகோதரி.

நிறுத்தக் கூடாது. அவசரம் கருதி விடையை முதலிலேயே சொல்லிவிட்டேன். ஆயினும் அந்த உறவினர் சொல்வது முற்றிலும் கட்டுக்கதையன்று. அதில் உண்மை எவ்வளவு, மிகை எவ்வளவு என்பதை அறிந்துகொள்வது நம் எல்லா வீடுகளுக்கும் பயன்படும்.

மஞ்சளுக்கு நிறம் தருவது குர்குமின் என்னும் பொருள். 1815-ஆம் ஆண்டிலேயே இது பிரித்தெடுக்கப்பட்டுவிட்டது. ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டில் வளர்க்கப்படும் புற்றணுக்களின் மீது இதனைச் சேர்த்தால் அவற்றின் பெருக்கம் தடைப்படுவதைப் பலரும் கண்டுள்ளனர். ஆனால் கண்ணாடித் தட்டு வேறு, மனித உடல் வேறு. குர்குமின் நீரில் கரையாது. குடலில் சிறிதளவே உறிஞ்சப்படுகிறது. அந்தச் சிறிதளவையும் குடற்சுவரும் கல்லீரலும் உடனே மாற்றியமைத்து வெளியேற்றிவிடுகின்றன. உண்டதில் பெரும்பகுதி மலத்தோடு போய்விடுகிறது.

இங்குதான் மருத்துவர்கள் ஒரு நுட்பத்தைக் கண்டார்கள். இரத்தத்தில் சேராவிட்டால் என்ன, குடல் வழியாகத்தானே போகிறது? நோய் இருக்கும் இடமும் குடல்தானே? இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் இந்த எண்ணத்தோடு ஆய்வுகள் நடந்தன. 2005-இல் வெளியான ஆய்வில், பெருங்குடல் புற்றுநோயாளர் 12 பேருக்கு அறுவைக்கு முன் ஏழு நாட்கள் குர்குமின் கொடுத்தார்கள். நாளொன்றுக்கு 3.6 கிராம் உண்டவர்களின் குடல் திசுவில் அது ஓரளவு தங்கியிருந்தது. ஆனால் அதே குழுவினர், புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவியிருந்த நோயாளிகளைச் சோதித்தபோது, கல்லீரல் திசுவில் குர்குமின் தென்படவில்லை. பெருங்குடல் புற்று பெரும்பாலும் முதலில் பரவுவது கல்லீரலுக்குத்தான் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

3.6 கிராம் என்றால் சிறிய அளவாகத் தோன்றும். மஞ்சள் தூளில் குர்குமின் ஏறக்குறைய 3 விழுக்காடுதான். அப்படியானால் நாள்தோறும் 120 கிராம் மஞ்சள் தூள் உண்ண வேண்டும்! எந்த ஆணமும் அதைத் தாங்காது.

இந்த இடையூற்றை நீக்கவே நானோ நுட்பம் வருகிறது. ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறுகளாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். தலைமுடி ஒன்றின் பருமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். நம் தாய்மார்கள் அன்றாடம் பிழியும் தேங்காய்ப் பாலையே பாருங்கள். எண்ணெயும் நீரும் ஒட்டாதவை. எனினும் அந்தப் பாலில் எண்ணெய் நுண்துளிகளாகப் பிரிந்து, புரதப் போர்வை போர்த்து, நீரில் மிதக்கிறது. அதைவிடப் பன்மடங்கு சிறிய கூடுகளைச் செய்து, உட்புறம் எண்ணெய்ப் பசையும் வெளிப்புறம் நீர்ப்பற்றும் உடையதாக்கி, உள்ளே குர்குமினை அடைக்கிறார்கள். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தாரும் தில்லிப் பல்கலைக்கழகத்தாரும் இணைந்து இத்தகைய ‘நானோ குர்குமின்’ ஒன்றை 2007-இல் வெளியிட்டனர்.

குடல் நோய்க்கென்றே இன்னொரு தந்திரமும் உண்டு. பழத்தோலிலிருந்து எடுக்கும் பெக்டினால் கூட்டிற்கு மேலுறை இடுகிறார்கள். இரைப்பையின் அமிலமும் சிறுகுடலின் நொதிகளும் அதை எளிதில் சிதைப்பதில்லை. பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்களோ அதை உணவாக்கிக்கொள்கின்றன. உறை கரைய, மருந்து உரிய இடத்தில் வெளிப்படுகிறது. சில கூடுகள் இறால், நண்டு ஓட்டிலிருந்து வரும் கைட்டோசானால் ஆனவை. சில ஜெலட்டினால் ஆனவை. ஜெலட்டின் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து வருவதால், எந்த விலங்கு என்று கேட்டறிவது நம்மவர்களுக்கு அவசியம்.

கேட்க இனிமையாக இருக்கிறது. பலன் என்ன? விலங்குகளில் நானோ துகள்களை ஊசிமூலம் செலுத்திய பத்தாண்டு கால ஆய்வுகளைத் தொகுத்து, கனடாவின் டொரொண்டோ பல்கலைக்கழகத்தார் 2016-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். செலுத்தியதில் கட்டியைச் சென்றடைவது பொதுவாக 0.7 விழுக்காடுதானாம். நூறில் ஒன்றுகூட இல்லை! பெருங்குடல் புற்றுநோய்க்கென்று அங்கீகாரம் பெற்ற நானோ மஞ்சள் மருந்து இன்றுவரை எதுவும் இல்லை.

சாதாரணக் குர்குமினின் வரலாறும் எச்சரிக்கை தருவதே. குடும்ப வழியாகக் குடலில் நூற்றுக்கணக்கான பாலிப்புக் கட்டிகள் முளைக்கும் நோய் ஒன்றுண்டு. 2006-இல் அந்நோயாளிகள் ஐவருக்கு, வெங்காயத்தில் உள்ள குவெர்செட்டினோடு குர்குமினைச் சேர்த்துக் கொடுத்தபோது கட்டிகள் 60 விழுக்காடு குறைந்தன. பத்திரிகைகள் கொண்டாடின. 2018-இல் 44 பேரிடம் ஓராண்டு முறையாகச் சோதித்தபோது, குர்குமின் உண்டவர்களுக்கும் வெற்று மாத்திரை உண்டவர்களுக்கும் வேறுபாடே காணப்படவில்லை.

உறிஞ்சுதலைக் கூட்டுவதில் ஆபத்தும் உண்டு. மிளகிலுள்ள பைப்பரின் சேர்ந்தால் குர்குமின் இரத்தத்தில் இருபது மடங்கு கூடுவதாகப் பெங்களூரு ஆய்வாளர்கள் 1998-இல் கண்டனர். உடல் பொருள்களை வெளியேற்றும் வேலையைப் பைப்பரின் மந்தப்படுத்துவதே இதற்குக் காரணம். அப்போது மற்ற மருந்துகளும் உடலில் அளவு மீறித் தங்கக்கூடும். அமெரிக்காவில் மஞ்சள் கேப்ஸூல்களால் கல்லீரல் கெட்டதாக ஓர் ஆய்வில் பதிவான பத்துப் பேரில் ஒருவர் இறந்தே போனார். சமையல் மஞ்சளுக்கு இந்த அச்சம் வேண்டாம்.

கருஞ்சீரகம் பற்றியும் சிலர் கேட்பீர்கள். அதிலுள்ள தைமோகுவினோன் குடற்புற்றணுக்களை அழிப்பதைப் பெய்ரூத்தின் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தார் 2004-இல் காட்டினர். அதுவும் கண்ணாடித் தட்டில் கண்டதே. அதற்கும் நானோ கூடுகள் செய்து பார்க்கிறார்கள்.

உறவினர் அறியாத செய்தி ஒன்று உண்டு. பெருங்குடல் புற்றுநோய்க்கு ஏற்றப்படும் ஊசி மருந்துகளில் ஒன்றான இரினோடெகான், ஒரு மரம் தந்தது! சீனத்து மரமொன்றின் கேம்ப்டோதெசினை 1966-இல் மன்றோ வாலும், மராட்டிய மண்ணில் பிறந்த மன்சுக் வாணியும் அறிவித்தார்கள். அதுவும் நீரில் கரையாதது. 1970-களில் முயன்றபோது நச்சுத் தன்மையால் கைவிடப்பட்டது. ஜப்பானியர் அதனைக் கரையும் வடிவில் மாற்றியமைத்தபின், 1996-இல் அமெரிக்கா பெருங்குடல் புற்றுநோய்க்கு அனுமதித்தது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் சிறு மரமொன்றிலும் கேம்ப்டோதெசின் இருக்கிறது.

சகோதரி செய்ய வேண்டியது இதுதான்: அந்தக் கேப்ஸூல் டப்பாவை அடுத்த தவணைக்குச் செல்லும்போது கையோடு எடுத்துச் சென்று புற்றுநோய் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் பார்த்துச் சொல்லும்வரை வாப்பாவுக்குக் கொடுக்க வேண்டாம். உடன்பிறந்தவர்கள் அனைவரும் தங்களுக்குப் பரிசோதனை எப்போது தேவை என்பதையும் அன்றே கேட்டுக்கொள்ளுங்கள். மலத்தில் இரத்தம், வாரக்கணக்கில் மாறிப்போன மலப்போக்கு, காரணமின்றி இளைத்தல், சோகை ஆகியவை தெரிந்தால் மூலம் என்று நீங்களாகவே முடிவு கட்டிவிடாதீர்கள். வெட்கத்தால் தள்ளிப்போடும் தாய்மார்கள் பெண் மருத்துவரைக் கேட்டுப் பெறலாம்.