மருந்தும் மாசும்

நோய் தீர்க்கும் இடமே நோய்க்கு வித்திடுமாயின் அதனை என்னென்பது? உலகில் வெளியாகும் பச்சைவீட்டு வாயுக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 4 முதல் 5 பங்கு மருத்துவத் துறையினின்றே எழுவதாக அறிஞர் மதிப்பிடுவர். ‘காபன் அடிச்சுவடு’ என இக்காலத்தார் வழங்குவது வைத்தியசாலை முற்றத்திலும் ஆழப் பதிந்துள்ளது.

இச்சுவட்டை நீக்குவோம் என முதன்முதல் உறுதிபூண்டது, 1948 இல் தோன்றிய பிரித்தானியத் தேசிய சுகாதார சேவையின் இங்கிலாந்துப் பிரிவாகும். தன் நேரடி வெளியீட்டை 2040 ஆம் ஆண்டளவிலும், தான் வாங்கும் மருந்து, கருவி முதலியவற்றால் எழுவதை 2045 ஆம் ஆண்டளவிலும் நிகர பூச்சியமாக்குவதென 2020 ஒக்டோபரில் அது எல்லை வகுத்தது. 2022 இல் இக்கடப்பாடு சட்டத்திலும் இடம்பெற்றது.

நிற்க. இதனை அறிந்ததும் எனக்கோர் ஐயம் எழுந்தது. யான் தொய்வு நோயாளன். சட்டைப்பையில் இன்ஹேலரின்றி வகுப்பறைக்குட் செல்லாதவன். அதன் மருந்தை உந்தும் வாயுவோ காபனீரொட்சைட்டினும் ஆயிரம் மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்க வல்லது. அங்ஙனமாயின் சிக்கனம் என் மூச்சிலிருந்தோ தொடங்கும்?

ஆராய்ந்தபோது ஐயம் ஒருவாறு தெளிந்தது. டெஸ்புளூரேன் என்னும் மயக்கமருந்து, காபனீரொட்சைட்டைப்போல் ஏறத்தாழ 2,500 மடங்கு வெப்பமூட்டுவது. அப்பயனைத் தரும் வேறு மருந்துகள் உளவாதலின், 2023 இல் ஸ்கொத்லாந்தும் 2024 இல் இங்கிலாந்தும் அதனைப் பொதுவழக்கினின்று நீக்கின. நோயாளி இழந்தது ஒன்றுமில்லை.

சிரிப்பு வாயுவின் கதை இன்னும் வியப்புடையது. குழாய்வழி அனுப்பப்பட்ட அவ்வாயுவிற் பெரும்பகுதி, நோயாளியை அடையுமுன்னரே கசிந்தொழிந்தமை எடின்பரோ வைத்தியசாலைகளிற் கண்டறியப்பட்டது. குழாய்களைக் கைவிட்டு, வேண்டியவிடத்துச் சிறு உருளைகளைப் பயன்படுத்தலே தீர்வாயிற்று.

இன்ஹேலர் இவற்றின் வேறானது. உந்துவாயு வேண்டாத தூள்மருந்து வகை பலருக்குப் பொருந்தும். விசையுடன் உள்ளிழுக்க இயலாத குழந்தைக்கும் முதியோர்க்கும் அது பெரும்பாலும் பொருந்தாது. நோயை நன்கு கட்டுப்படுத்தின் அவசரத்துக்கு உறிஞ்சும் தேவையே குறையும். ஆயின், இம்மாற்றத்தை வைத்தியரும் நோயாளியும் கூடியே முடிவு செய்தல் வேண்டும்; கணக்கேடு முடிவு செய்தல் தகாது.

ஆகவே, முறைமை இதுவென்பது என் துணிபு: முதலில் வீணாவதை நிறுத்துக; அடுத்து, ஒத்த பயனுடைய மாற்றை ஏற்க; இறுதியிலேயே நோயாளியிடம் வருக. இவ்வரிசை தலைகீழாயின், புவியைக் காக்கப் புகுந்த நற்செயலும் மெலியார்மேற் சுமையாய் முடியும்.