கேமரன் மலை: காய்கறி விலையில் சேராத சேறு

ரிங்லெட் பட்டணத்தைத் தாண்டி மேலே போகும் எவர் கண்ணிலும் அந்த ஏரி படாமல் போகாது. மழைக்காலத்தில் தண்ணீர் பால் ஊற்றிய தேநீர் நிறத்தில் கிடக்கும். 1960-களில் சுல்தான் அபு பக்கர் அணை கட்டியபோது உருவான நீர்த்தேக்கம் இது. இங்கிருந்து சுரங்கம் வழியாக இறங்கும் தண்ணீர்தான் ஜோர் மின்நிலையத்தை ஓட்டுகிறது. சுமார் 80 ஆண்டு உழைக்கும் என்று கணக்கிட்டுக் கட்டினார்கள். அதற்கு வெகு முன்பே சேறு நிறையத் தொடங்கிவிட்டது. தெனாகா நேஷனல் தூர்வாரிக்கொண்டே இருக்கிறது.

அந்தச் சேறு ரிங்லெட் மண் மட்டுமல்ல. தெலோம் ஆற்றுத் தண்ணீரையும் சுரங்கம் வெட்டி பெர்தாம் ஆற்றுப் பக்கம் திருப்பியிருக்கிறார்கள். ஆகவே கம்போங் ராஜா, கோல தெர்லா பக்கம் மலையைச் சீவினாலும் மண் இந்த ஏரிக்கு வந்து சேரும்.

தேயிலை நிற்கும் சரிவில் இவ்வளவு மண் கரைவதில்லை. செடி ஐம்பது வருடத்துக்கு மேலும் நிற்கும். வேர் ஆழமாகப் போகும். கவாத்துக் காலம் தவிர இலை தரையை மூடியே இருக்கும். காய்கறிக் கொல்லையில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மண்ணைப் புரட்ட வேண்டும். பிளாஸ்டிக் கூரை போட்டால் மழைநீர் மண்ணில் இறங்காமல் மொத்தமாக ஓடைக்குப் பாய்கிறது. கட்டுமானமும் சாலை வெட்டும் வேறு. தேயிலையும் யோக்கியமானது என்று சொல்ல வரவில்லை. 1929-இல் ஜே.ஏ. ரசல் போ தோட்டத்தைத் தொடங்கியபோது அங்கே இருந்தது காடு. அதை வெட்டிச் செடி நட்ட கைகளில் நம் தாத்தா பாட்டிமாரின் கைகளும் உண்டு.

ஆனால் சந்தை கொழுந்துக்குத்தான் காசு கொடுக்கிறது, மண்ணைப் பிடித்து வைப்பதற்கு அல்ல. இந்தோனேசியா, இலங்கைத் தூளோடு நம் தூள் விலையில் போட்டி போட வேண்டும். தோட்டங்கள் இயந்திரத்தையும் வங்காளதேசம், நேப்பாளத் தொழிலாளர்களையும் நம்பி ஓடுகின்றன. லயங்களில் நம்மவர்கள் குறைந்துவிட்டார்கள். கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் லாரியில் போகும் காய்கறியோ சீக்கிரம் பணமாகிறது. தூர்வாரும் செலவு அந்த விலையில் இல்லை.

இதற்குப் பேராசை மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. காய்கறி விவசாயிகள் பலர் நெடுங்காலம் டி.ஓ.எல். என்ற தற்காலிக உரிமத்தில், வருடா வருடம் புதுப்பித்து ஓட்டியவர்கள். அடுத்த வருடம் நிலம் கையில் இருக்குமா என்று தெரியாதவர் கல் அடுக்கிப் படி கட்டுவாரா? சேறு தங்கும் குழி வெட்டுவாரா?

2013 அக்டோபர் 23 அதிகாலை, கனமழையில் அணை நீர் திறந்துவிடப்பட்டு பெர்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் போயின. மறு ஆண்டு நவம்பரிலும் சேற்று வெள்ளம் வந்தது. 2024 ஜனவரியில் புளூ வேலியில் மண் சரிந்து ஐந்து மியன்மார் தொழிலாளர்கள் புதைந்தார்கள். ஆற்றோரமும் சரிவின் அடியிலும் குடியிருப்பது எப்போதும் வசதி குறைந்தவர்கள்தானே.

நீண்ட காலக் குத்தகை கொடுத்து, ஆற்றோரம் விட வேண்டிய இடத்தையும் சேற்றுக் குழியையும் அதில் நிபந்தனையாக எழுதலாம். மின்சார வருமானத்தில் ஒரு பங்கை, சரிவை மூடி வைத்திருப்பவர்களுக்குக் கொடுக்கலாம். தேயிலைத் தோட்டமானாலும் சிறு விவசாயியானாலும் சரி. வாரிய சேற்றைக் கொட்டவும் இந்த மலையில் சமதரை தேட வேண்டியிருக்கிறது.