களவு கொடுத்தவரா குற்றவாளி?

"கவனமாக இருங்கள்!" இணைய மோசடியைப் பற்றிப் பேச வருகின்ற பெரிய மனிதர்கள் நமக்கு அருளும் உபதேசம் இதுவே. களவு கொடுத்தவரைக் கூண்டிலேற்றும் இவ்விந்தை நீதியை நாம் ஏற்கமாட்டோம்.

மாங்குளத்தில் நாமறிந்த ஒரு தாய்; மகன் லண்டனில். தபால் திணைக்களத்தின் பெயரைச் சூடிக்கொண்டு அவருடைய கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. பொதி வந்திருக்கிறதாம், முகவரி பிழையாம், சிறு கட்டணம் செலுத்த வேண்டுமாம். மகன் ஏதோ அனுப்பியிருக்கிறான் என்று நம்பினார். அட்டையின் இலக்கத்தைப் பதித்தார். அடுத்து வங்கியிலிருந்து ஆறு இலக்கங்கள் வந்தன. இலக்கங்களுக்கு மொழி ஏது? அவற்றையும் பதித்தார். நெல் விற்ற காசு முழுவதும் போயிற்று.

"எவரிடமும் கொடுக்க வேண்டாமென்று அச்செய்தியிலேயே எழுதியிருந்தோமே" என்றது வங்கி. எழுதியிருந்தது மெய்தான், ஆங்கிலத்தில். 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. கள்வன் கொச்சைத் தமிழிலேனும் அத்தாயோடு பேசினான். அவருடைய பணத்தைக் காக்கும் பொறுப்பேற்ற வங்கிக்கு அதுவும் வாய்க்கவில்லை!

"படிப்பறிவில்லாத சனங்கள்" என்று முகஞ்சுழிப்போர் சற்றுக் கேட்கட்டும். 2023 ஆகஸ்டில் அரசாங்கத்தின் சொந்த மின்னஞ்சற் சேவையே கப்பம் கேட்கும் வைரசுக்கு இரையாயிற்று. ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீளவில்லை. மென்பொருளோ பழையது, அக்காலத்துக்கு வேறிடத்தில் பிரதியுமில்லை. அங்கே எவரையேனும் பார்த்து "நீர்தானே இடங்கொடுத்தீர்" என்று வங்கிக் குரலில் அதட்டியதாக நாம் கேள்விப்படவில்லை.

2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணினிகளுக்குட் புகுந்த கள்வர், நியூயோர்க்கில் இருந்த அதன் பணத்தில் 10 கோடி டாலருக்கு மேல் அகற்றினார்கள். அதில் 2 கோடி இலங்கையிலுள்ள ஒரு நிறுவனத்தின் பெயருக்கு வந்தது. 'ஃபவுண்டேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லில் எழுத்துப் பிழை இருந்ததால் ஐயம் எழுந்தது, அப்பணம் மீட்கப்பட்டது. கோடிகளைக் காத்தது கோட்டைக் கதவன்று. அம்மொழியை வாசிக்கத் தெரிந்த ஒரு கண். அந்தக் கண்ணை மாங்குளத்துத் தாய்க்கு மறுத்தவர் யார்?

சட்டம் இல்லாமலில்லை. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. கள்வனோ கடலுக்கு அப்பால். (மியன்மாரின் மோசடிக் கூடங்களில், நல்ல வேலையென்று நம்பிப் போய் அடிமைப்பட்ட இலங்கை இளைஞரும் இருந்தனர், செய்தி அனுப்பும் விரலும் சில வேளை ஏழையின் விரலே.) சூத்திரதாரி பிடிபடும் வரை நட்டம் யார் தலையில்?

அம்மகன் வாழும் பிரித்தானியாவில், 2024 ஒக்டோபர் 7 முதல், வஞ்சிக்கப்பட்டுத் தாமே பணம் அனுப்பியவருக்கும், சில விலக்குகள் நீங்கலாக, வங்கிகள் 85,000 பவுண் வரை ஈடுசெய்ய வேண்டும். அந்நாட்டு வங்கிகள் தர்மசாலைகள் அல்ல. நட்டம் தமதென்றால் பூட்டைத் தாமே பலப்படுத்துவார்கள் என்பதுதான் கணக்கு. அத்தகைய விதி இங்கும் வேண்டும். எச்சரிக்கை தமிழிலும் சிங்களத்திலும் வரவேண்டும். ஏனெனில் மதவாச்சியில் நெல் விற்ற சிங்கள விவசாயிக்கும் விளங்காத ஆங்கிலத்தில்தான் அந்த ஆறு இலக்கங்கள் வருகின்றன.